மூன்று வழிகளும் மதுரைக்கே

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் ஒருவர் வழி சொல்கிறார். மாங்காட்டு மறையோன். மதுரைக்குப் போகும் வழி எது என்று கோவலன் கேட்டதுதான் தாமதம், மனிதர் பிடித்துக்கொள்கிறார். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டுப் பாலையாகிக் கிடக்கிற இந்தக் கோடையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே என்று முதலில் வருத்தப்படுகிறார். பிறகு, கொடும்பாளூர் நெடுங்குளக் கரையை அடைந்தால் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கம் போனால் இன்னின்ன மரங்கள், இன்னின்ன வயல்கள், பிறகு சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால் குன்றம். அங்கே ஒரு குகைவழி, மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கணம் கைவரும். ஒன்றில் மூழ்கினால் பழம்பிறப்பு தெரியும். இன்னொன்றில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும். நடுவழியில் ஊரும் காடும் மாறி மாறி வரும். அந்தக் காட்டில் ஒரு தெய்வம் அழகு காட்டி வழிப்போக்கரை நிறுத்தப் பார்க்கும், பெரிய தீங்கு செய்யாது, பார்த்துப் போங்கள்.

உடன் இருந்த கவுந்தியடிகள் சமண முனிவர். பொய்கைகளின் பெருமையை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். பழம்பிறப்பை அறியக் குளத்தில் ஏன் மூழ்க வேண்டும்? "இறந்த பிறப்பின் எய்திய எல்லாம் பிறந்த பிறப்பில் காணாயோ நீ" என்று கேட்கிறார். நீ உன் தெய்வத்தைப் பணியப் போ, நாங்கள் எங்கள் வழியில் போகிறோம் என்று பேச்சையும் முடித்துவிடுகிறார். அவ்வளவு மரியாதையாக ஒருவரைக் கழற்றிவிடுவது எனக்கு வராது.

கதை இங்கே நகரவில்லை என்று இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. எனக்குக் காப்பியத்தில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. மூன்று வழியும் மதுரைக்கே போகின்றன. இளங்கோ அத்தனை வரி செலவழித்து மரம் மரமாகப் பிரித்துக் காட்டுகிற கவர்வழியில், எதைத் தேர்ந்தாலும் கோவலன் கடைசியில் பொற்கொல்லன் முன்னால் சிலம்போடு போய் நிற்கத்தான் போகிறான். கேட்பவருக்கு இது தெரியும். நடப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் வழியால் பயனில்லை என்றும் சொல்லிவிட முடியவில்லை. நடுவழியில் கோவலன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அந்தக் கானுறை தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து, அவள் பெயரைச் சொல்லி அழுகிறது. புகாரில் இருந்த பழைய கோவலன் அந்தக் கணமே கரைந்திருப்பான். இவன் மறையோன் சொன்னதை நினைத்துக்கொள்கிறான், மந்திரம் சொல்கிறான், தெய்வம் உண்மையை ஒப்புக்கொண்டு மறைகிறது. சாவு மாறவில்லை. சாகப்போகிறவன் மாறியிருக்கிறான்.

வாழ்க்கைப் பாதை என்றதும் இன்று உலகம் முழுவதும் நினைவுக்கு வருவது வேறொரு கவர்வழி. அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் 1915இல் வெளியிட்ட கவிதை அது. மஞ்சள் காட்டில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஆள்நடமாட்டம் குறைந்ததை நான் தேர்ந்தேன், எல்லாம் அதனால்தான் வேறாயிற்று என்று முடிகிறது. பட்டமளிப்பு விழாப் பேச்சாளர்களுக்கு இதைவிட வசதியான கவிதை கிடைக்காது. துணிந்து தனிவழி போங்கள் என்று இளைஞர்களிடம் சொல்லிவிட்டு உட்காரலாம். ஆனால் கவிதையின் நடுவில் என்ன இருக்கிறது? இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்துதான் இருந்தன, அந்தக் காலையில் இரண்டிலும் இலைகள் ஒன்றுபோலவே கிடந்தன என்று அவரே சொல்கிறார். கடைசி வரிகளோ, காலம் பல கடந்தபின் ஒரு பெருமூச்சோடு தான் சொல்லப்போகும் கதை. இன்னும் நடக்காத முதுமைக்கு இப்போதே ஒத்திகை. எட்வர்ட் தாமஸ் என்ற நண்பர் உலாவப் போகும்போதெல்லாம், எந்தப் பாதையில் போனாலும் மற்றதில் போயிருக்கலாமே என்று ஏங்குவாராம். அவரைச் சீண்டத்தான் ஃப்ராஸ்ட் இதை எழுதினார். சீண்டல் அறைகூவலாக மாறிப் போனது இலக்கியத்தின் பெரிய வேடிக்கைகளில் ஒன்று.

ஃப்ராஸ்ட் தொட்டுக்காட்டிய உண்மை கூர்மையானது. நடக்கும்போது பாதை இல்லை. திரும்பிப் பார்க்கும்போதுதான் அது பாதையாகிறது. இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பினால் ஆசிரியர் குறிப்பு என்று சில வரிகள் கேட்பார்கள். அந்த வரிகளை எழுதும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். படித்தது, பார்த்த வேலை, எழுதத் தொடங்கியது என்று எல்லாம் கோடு கிழித்தாற்போல ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும். ஒரு மாலை மழை பெய்ததால் உள்ளே போன நூலகம், யாரோ வராததால் கிடைத்த இடம், கோபத்தில் விட்ட வேலை எதுவும் அதில் வராது. அந்தக் குறிப்பில் இருக்கும் ஆளை நான் சந்தித்ததே இல்லை.

திரைப்படம் இந்தப் பொய்யை இலக்கியத்தைவிடக் கடுமையாகச் சோதித்திருக்கிறது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'குருட்டு வாய்ப்பு' 1981இல் எடுக்கப்பட்டு, தணிக்கையில் சிக்கி 1987இல்தான் வெளிவந்தது. விட்டெக் மருத்துவ மாணவன். அப்பா இறக்கும் தறுவாயில், நீ எதையும் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். விடுதலையா சாபமா என்று புரியாத அந்தச் சொல்லோடு, படிப்பை நிறுத்திவிட்டு வார்சா போகும் ரயிலைப் பிடிக்க நடைமேடையில் ஓடுகிறான். அந்த ஓட்டம் மூன்று முறை காட்டப்படுகிறது. ரயிலைப் பிடித்தால் கம்யூனிஸ்ட் கட்சிக்காரன். காவலரோடு மோதிக் கைதானால் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் பெறுகிறான். வெறுமனே ரயிலைத் தவறவிட்டால் படிப்பை முடித்து மருத்துவனாகி, காதலித்து மணந்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிம்மதியாக வாழ்கிறான். மூன்றிலும் அவன் ஒரு கட்டத்தில் பாரிஸ் போக வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு வாழ்விலும் பயணம் நடக்காமல் போகிறது. மூன்றாவதில், எல்லாம் சரியாக அமைந்த அந்த வாழ்வில், விமானம் ஏறுகிறான். விமானம் வெடிக்கிறது.

மறுபடியும் சூலம். நம் ஊர்த் திரையில் ஜீவா 2001இல் '12பி' எடுத்தபோது பேருந்தைப் பிடித்தவன், தவறவிட்டவன் என்று இரண்டாகப் பிரித்தார்; பார்வையாளரைக் குழப்பாமல் இரு கதையையும் பின்னிக்கொண்டு போனது அன்றைக்குத் துணிச்சல்தான். ஆனால் பேருந்துக்கும் விதிக்கும் நடுவே அரசியல், மதம், பயம் எதுவும் அங்கே இல்லை. கீஸ்லோவ்ஸ்கியிடம் இருக்கிறது. இந்த ஒரே மனிதன் எந்தக் கொள்கையையும் அதே நேர்மையோடு ஏற்றிருக்கக்கூடியவன் என்ற எண்ணம் எந்தக் கட்சிக்கும் பிடிக்காது. தணிக்கைக்காரர்களுக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

அந்தப் படத்தில் என்னைக் கட்டிப்போடுவது ஒரு சின்ன விஷயம். நிலையத்தில் ஒரு பெண்ணின் கையிலிருந்து நாணயம் ஒன்று விழுந்து உருள்கிறது. ஒருவன் அதை எடுத்து அந்தக் காசில் பீர் வாங்குகிறான். ஓடிவரும் விட்டெக் அவனோடு எப்படி உரசுகிறான் என்பதில்தான் மூன்று வாழ்வும் பிரிகின்றன. விட்டெக் எதையும் தேர்வு செய்யவில்லை. பிரியும் இடம் இன்னொருவர் கையில் இருந்தது.

இதை ஜெயகாந்தனைப் போல ஒருவர் அருகில் வந்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 1966இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையைத் தமிழ் வாசகர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரிப் பெண்ணை முன்பின் அறியாத ஒருவன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். கெட்டுப்போய் வீடு திரும்பியவளிடம் நடந்ததைக் கேட்டுத் துடித்து அடித்த அம்மா, அக்கம்பக்கம் என்ன என்று கேட்டு வந்ததும் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மகளை உள்ளே கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். இது தண்ணீர் இல்லை, நெருப்பு என்று நினைத்துக்கொள், உன்மேல் கறையில்லை என்கிறாள். கதை முடிந்தது. அன்றைக்கு அதற்கு எழுந்த எதிர்ப்பும் ஊரறிந்தது.

ஜெயகாந்தன் அதோடு விடவில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல், எல்லா அம்மாக்களையும்போலக் கதறி ஊரைக் கூட்டியிருந்தால்? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அந்தக் கேள்விதான். அதே மழை, அதே கார், அதே பெண். அம்மாவின் வாய் மட்டும் வேறு. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான், மாமா படிக்கவைக்கிறார், கங்கா பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், ஆனால் அந்த ஒரு மாலையைத் தாண்டி அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை. நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் 'அக்கினிப் பிரவேச'த்தை எழுதியிருக்கிறார். கங்கா அதை இதழில் படிக்கிறாள். அதாவது தான் நடக்காமல்போன பாதையைத் தன் கண்ணாலேயே அச்சில் பார்க்கிறாள். ஃப்ராஸ்டின் பெருமூச்சுக்காரருக்கும் இந்தத் தண்டனை கிடைக்கவில்லை. அவர் மற்றப் பாதையைக் கற்பனைதான் செய்துகொள்ள முடியும். இவளுக்கு அது பக்க எண்ணோடு கையில் தரப்படுகிறது.

நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது, பீம்சிங் 1977இல் படமாக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது வந்தது. இவையெல்லாம் பெருமைகள். எனக்கு முக்கியம் அந்தக் கூடத்தில் நின்ற அம்மாதான். மகளின் மொத்த வாழ்வும் எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவள் குரல் உயர்கிறதா தாழ்கிறதா என்பதில் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாது. யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை.

பதினான்கு பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னால் இன்னோர் அம்மா இதே இடத்தில் நின்றிருக்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில் இந்திர விழா வருகிறது. மாதவியும் மகளும் ஆட வரவில்லை என்று ஊர் பேசுகிறது. மாதவியின் தாய் சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். தூது வந்த வசந்தமாலையிடம் மாதவி சொல்கிறாள்: மணிமேகலை என் மகள் அல்ல, கண்ணகியின் மகள். "மாபெரும் பத்தினி மகள் மணிமேகலை, அருந்தவப் படுத்தல் அல்லது யாவதும் திருந்தாச் செய்கைத் தீத்தொழில் படாஅள்." குலத்தொழில் என்ற ஒரே தண்டவாளத்தில் போகவேண்டிய பெண்ணை ஒரு வாக்கியத்தில் அதிலிருந்து இறக்கிவிடுகிறாள். பெற்ற தாய் தன் தாய்மையையே விட்டுக்கொடுத்துத்தான் இதைச் செய்ய முடிகிறது.

அதன்பின் நடப்பவை நாணயம் உருண்ட கதையேதான். மாதவி கோவலன் கண்ணகி முடிவைச் சொல்ல, பக்கத்தில் மாலை தொடுத்துக்கொண்டிருந்த மணிமேகலையின் கண்ணீர் பூவில் விழுகிறது. மாலை தூய்மை கெட்டது, புதுப்பூ வேண்டும். பூப்பறிக்க மலர்வனம் போகிறாள். போன இடத்தில் சோழ இளவரசன் உதயகுமாரன் தேரோடு வருகிறான். அவனிடமிருந்து காக்க மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு மணிபல்லவத்துக்குப் போகிறது. அங்கே புத்த பீடிகை, பழம்பிறப்பு, அமுதசுரபி. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாவிட்டால் இத்தனையும் இல்லை. இதில் சாத்தனாரின் நேர்மை என்னைக் கவர்கிறது. துறவுக்கென்றே பிறந்த பெண்ணாக அவளைக் காட்டவில்லை. தன்னை இகழ்ந்து பேசியவன் என்றும் பாராமல் "புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்" என்று தோழி சுதமதியிடம் அவளே சொல்கிறாள்.

அமுதசுரபி கையில் வந்தும் அது உடனே ஊட்டத் தொடங்குவதில்லை. முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டும். கணவன் சாதுவன் கணிகையின் பின்னால் போய்ப் பொருள் தொலைத்துக் கடலோடிக் காணாமல் போனபோதும் தன் நிலை மாறாதிருந்தவள் அவள். "பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக" என்று சொல்லி அவள் சோறிட்ட பிறகே பாத்திரம் வேலை செய்கிறது. தெய்வம் தந்த பாத்திரத்தைத் திறக்க ஓர் இல்லத்தரசி வேண்டியிருக்கிறது. மணிமேகலையின் பாதை என்று நாம் சொல்வதில் மணிமேகலை தானே போட்டுக்கொண்ட தூரம் எவ்வளவு என்று அளக்கப் போனால் கையில் அதிகம் தேறாது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்திலும் திருப்பம் இப்படித்தான் வருகிறது. வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட அரசு அலுவலர் வதனபே, மிச்ச நாட்களை எப்படி வாழ்வது என்று தெரியாமல் அலைகிறார். குடி, இரவு விடுதி எதுவும் பயன்படவில்லை. அலுவலகத்தில் வேலையை விட்டுவிட்டுப் பொம்மைத் தொழிற்சாலையில் சேர்ந்த இளம்பெண் டோயோவைப் பின்தொடர்ந்து, உன்னால் எப்படி இவ்வளவு உயிரோடு இருக்க முடிகிறது என்று கேட்கிறார். அவளுக்கு அவரைப் பார்த்தாலே அச்சமாகிவிட்டது. நான் முயல் பொம்மை செய்கிறேன், நீங்களும் ஏதாவது செய்து பாருங்களேன் என்று சொல்லிவைக்கிறாள். தப்பித்தால் போதும் அவளுக்கு. அவரோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாக்கடை தேங்கிய இடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா கட்டிவிட்டுச் சாகிறார். வழி காட்டியது டோயோவுக்கு இறுதிவரை தெரியாது.

புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் ஒரு சிறிய உரையாடல் உண்டு. நல்ல நட்பு இந்த அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் புத்தரிடம் சொல்கிறார். தாராளமாகத்தான் சொல்லிவிட்டோம் என்று ஆனந்தர் நினைத்திருப்பார். புத்தர் மறுக்கிறார். அப்படிச் சொல்லாதே ஆனந்தா, பாதியல்ல, முழுவதும் அதுதான். நல்ல நண்பர் வாய்த்த துறவி எட்டுநெறியில் முன்னேறுவார் என்று எதிர்பார்க்கலாம் என்கிறார். நற்காட்சி முதல் நல்லமைதி வரை எட்டு உறுப்பும் ஒவ்வொருவர் தனித்தனியாகச் செய்யவேண்டிய வேலை என்று பட்டியலைப் பார்த்தால் தோன்றும். அந்த எட்டும் இன்னொரு மனிதரின் பக்கத்தில்தான் முளைக்கின்றன என்று அதை வகுத்தவரே சொல்கிறார்.

இந்த இடத்தில் ஜெர்மன் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸேயோடு எனக்குச் சண்டை. 1922இல் வந்த 'சித்தார்த்தா' நாவலில், புத்தரின் காலத்திலேயே வாழும் சித்தார்த்தன் என்ற வேறொரு பிராமண இளைஞன் புத்தரைச் சந்திக்கிறான். நண்பன் கோவிந்தன் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறான். இவன் சேரவில்லை. உங்களுக்கு விழிப்பு உங்கள் சொந்தத் தேடலில் கிடைத்தது, போதனையால் அல்ல. அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஆகவே என் வழியில் நான் போகிறேன் என்று புத்தரிடமே பணிவாகச் சொல்லிவிட்டு நடக்கிறான். அழகான காட்சி. இளம்வயதில் படிக்கிற எவருக்கும் நெஞ்சு நிமிரும். 'என் பாதை எனக்கு' என்று இன்று சொல்பவர்களில் பலர் புத்தரின் பெயரைச் சொல்லி ஹெஸ்ஸேயைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

புத்தர் தன் கண்டுபிடிப்பைப் பற்றி என்ன சொன்னார்? நகர சுத்தம் என்ற புத்தர் உரையில் வரும் உவமை இது (சுத்தம் என்றால் பாலியில் உரை). காட்டில் திரியும் ஒருவன் பழைய பாதை ஒன்றைக் காண்கிறான், முற்காலத்து மனிதர் நடந்த பாதை. அதைப் பின்பற்றிப் போனால் பழைய நகரம் ஒன்று, தோப்புகளும் குளங்களும் மதில்களுமாக. திரும்பி வந்து அரசனிடம் சொல்கிறான். அரசன் நகரத்தைப் புதுப்பிக்கிறான், மக்கள் குடியேறுகிறார்கள். நானும் அப்படித்தான், முந்தைய புத்தர்கள் நடந்த பழம்பாதையைக் கண்டேன் என்கிறார் புத்தர். ஹெஸ்ஸேயின் சித்தார்த்தன் எதை வைத்து விலகிப் போனானோ, அதை, அதாவது சொந்தமாகக் கண்ட வழி என்ற பெருமையை, புத்தர் தனக்கே ஒதுக்கிக்கொள்ளவில்லை.

நடப்பவனே, பாதை என்று ஒன்றில்லை, நடக்க நடக்கத்தான் பாதை என்று ஸ்பானியக் கவிஞர் மச்சாதோ எழுதினார். 1921இல் 'சொந்த ஊர்' கதையின் முடிவில் சீன எழுத்தாளர் லூ சுன், நிலத்தில் முதலில் பாதை இருப்பதில்லை, பலர் நடக்கும்போது அது பாதையாகிறது என்றார். ஒருவர் நடந்தால் போதுமா, பலர் நடக்க வேண்டுமா, அல்லது என்றோ நடந்தவர்களின் தடத்தைப் புல்லை விலக்கித் தேட வேண்டுமா? நான் லூ சுன்னுக்கும் நகர சுத்தத்துக்கும் இடையில் எங்கோ நிற்கிறேன். மச்சாதோவின் வரி பாட நன்றாக இருக்கும்.

தெப்பத்துக்கு வருகிறேன். மச்சிம நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் புத்தரின் புகழ்பெற்ற தெப்பம் இருக்கிறது. பெருவெள்ளத்தின் இக்கரையில் ஆபத்து, அக்கரையில் பாதுகாப்பு, ஓடமில்லை, பாலமில்லை. ஒருவன் புல்லும் குச்சியும் கிளையும் இலையும் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, கையாலும் காலாலும் துழாவிக் கடக்கிறான். கடந்தபின் இவ்வளவு உதவிய தெப்பம் என்று தலையில் தூக்கிக்கொண்டு திரிவானா? என் போதனையும் அப்படித்தான், கடக்க, கட்டிக்கொண்டு திரிய அல்ல. நம்மிடம் இன்னொரு மிதவை இருக்கிறது. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில், மலையிலிருந்து கல்லில் மோதி இரைந்து இறங்கும் பேராற்றில் "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்". அந்தப் புணையில் துழாவுகிற கை இல்லை. கரை எதிரே இல்லை. நீர் போகும் வழி அதன் வழி.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று முயற்சி, மற்றது விதி என்று பிரித்துவிடத் தோன்றும். பூங்குன்றனார் அந்த வசதியைத் தருவதில்லை. புணையைச் சொன்ன கையோடு அவர் எடுக்கிற முடிவு சோர்வில் வந்ததல்ல: ஆகையால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. உன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவனை அங்கே ஒதுக்கியதும் நீரின் போக்கென்றால், உனக்கு எதற்குத் தலைக்கனம்? அவனுக்கு எதற்குத் தலைகுனிவு? கங்காவின் அண்ணன் இந்த வரியை ஒருமுறை உணர்ந்து படித்திருந்தால் நாவலே இல்லை. புத்தரின் தெப்பம் எனக்குக் கை கால் தருகிறது. பூங்குன்றனாரின் புணை அடுத்தவனைப் பார்க்கும் கண்ணைத் தருகிறது. எதையாவது விட்டுவிட வேண்டும் என்றால் எதை விடுவேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்புணையை விட மனம் வரவில்லை. அதில் பாதி பாசம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய 'விசுத்திமக்கம்' என்ற பௌத்த நூலில் இன்னும் கடினமான ஒரு செய்யுள் வருகிறது. துன்பம் உண்டு, துன்புறுபவர் இல்லை. செயல் உண்டு, செய்பவர் இல்லை. நிப்பானம், அதாவது நிர்வாணம், உண்டு, அதை அடைந்தவர் இல்லை. பாதை உண்டு, போகிறவர் இல்லை. இதை நான் தத்துவமாக ஏற்றுக்கொள்ள முடியும்; வாசகனாக ஏற்க முடியவில்லை. போகிறவர் இல்லாத பாதையை வைத்து யாரும் நாவல் எழுத முடியாது, படம் எடுக்க முடியாது. கேமரா யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால்தான் போயாக வேண்டும். கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2003இல் எடுத்த பருவங்களின் படம் இதற்கு மிக நெருங்கி வந்தது என்று சொல்லலாம். ஏரி நடுவே மிதக்கும் மடம். மீனுக்கும் தவளைக்கும் பாம்புக்கும் கல் கட்டிவிடும் சிறுவன், அவனே வளர்ந்து காதலன், கொலைகாரன், துறவி. கடைசி வசந்தத்தில் வேறொரு சிறுவன் வந்து மறுபடி விலங்குகளை வதைக்கிறான். ஆள் மாறிக்கொண்டிருக்க, பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. இருந்தும் நான் அந்தப் படத்தில் அழுதது ஒரு முகத்துக்காகத்தான்.

கணக மொக்கல்லானர் என்பவர் கணக்கர். மச்சிம நிகாயத்தில் சாவத்தி நகரத்து மாளிகை ஒன்றில் புத்தரைச் சந்திக்கிறார். வந்தவுடனே அவர் கவனிப்பது மாளிகைப் படிகளை. ஒவ்வொரு படியாக ஏறித்தான் மேலே வர முடிகிறது. நாங்கள் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும்போதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நூறு வரை எண்ண வைத்துத்தான் தொடங்குகிறோம். உங்கள் போதனையிலும் அப்படி வரிசை உண்டா என்று கேட்கிறார். உண்டு என்று புத்தர் படிப்படியாக விளக்குகிறார். கணக்கருக்கு அடுத்த கேள்வி இயல்பாகவே வருகிறது. சரி, இப்படிப் பயின்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்கிறார்களா?

சிலர் சேர்கிறார்கள், சிலர் சேர்வதில்லை என்கிறார் புத்தர்.

கணக்கர் விடவில்லை. சேருமிடம் இருக்கிறது, பாதை இருக்கிறது, வழிகாட்ட நீங்களும் இருக்கிறீர்கள். பிறகு ஏன் சிலர் சேர்வதில்லை? புத்தர் திருப்பிக் கேட்கிறார்: ராஜகிருகத்துக்கு வழி உமக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும். ஒருவன் வந்து கேட்கிறான். இந்தப் பாதையில் போ, இன்ன கிராமம் வரும், பிறகு இன்ன ஊர் வரும், அப்புறம் ராஜகிருகத்தின் தோப்பும் குளமும் தெரியும் என்று சொல்கிறீர். அவன் தவறான பாதையில் மேற்கே போய்விடுகிறான். இன்னொருவன் அதையே கேட்டுக்கொண்டு நலமாகப் போய்ச் சேர்கிறான். ஏன்? கணக்கர் சொல்கிறார்: நான் என்ன செய்ய, கோதமரே, நான் வழி சொல்பவன். நானும் அப்படித்தான், வழி சொல்பவன் என்கிறார் புத்தர்.

நம் ஆற்றுப்படைகளைப் படித்தவருக்கு இந்தக் குரல் பழக்கமானது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் வறிய பாணனிடம் இப்படித்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவான். மலைபடுகடாமில் வழியிலுள்ள ஆபத்துகளையும் விடாமல் சொல்லி எச்சரிப்பார்கள். ஆனால் பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன, கேட்டுக்கொண்டவர் போய்ச் சேர்ந்தாரா என்று ஒன்றுகூடச் சொல்வதில்லை. மாங்காட்டு மறையோனும் மதுரைவரை வந்து பார்க்கவில்லை.

கணக மொக்கல்லானருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அன்றே சரணடைந்ததாக அந்த உரை முடிகிறது. எனக்கு இன்னும் போதவில்லை. மேற்கே போனவனை யாராவது தேடிப் போனார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.